பாசிலுக்காக

"போன மாசமும் நீங்கதான முதல்ல ஏறுனீங்க?"

"ஏறுனோம். நாலு மணிக்கு மேல பனி இறங்கிரும், என் டாக்சிக்கு ஒரு கண்ணுதான் எரியுது, அதனால..."

"ஏன், எனக்குப் பனி இறங்காதா? நான் என்ன பறந்தா வந்தேன்?"

"நீ முட்டைக்கோஸ் லாரியில வந்த. படியேறும்போதே வாடை தெரிஞ்சுது."

"கோஸ் வாடை குளிச்சாப் போயிரும். உன் கிட்டார் சுருதி..."

"யாரு சுருதி? மனாங், இவன்கிட்ட சொல்லுங்க. யாரு சுருதி?"

"மனாங்க எதுக்கு இழுக்குற? லிஸ்ட் அவங்க கையில இருக்கு, அவங்க வாயில இல்ல."

காப்பி நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரைதான் ஒரு கரண்டி கூட. பரவாயில்லை.

டாக்சி ஓட்டுகிறவன் ரோடெல். கோஸ் வியாபாரி டொனாட்டோ. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பாட்டுக்குழு. மே மாதக் கடைசி ஞாயிறு மத்தியானம், லாடத்தின் மாடிப்படியில் நின்றுகொண்டு யார் முதலில் மேடை ஏறுவது என்று இப்படிச் சண்டை போட்டார்கள். நான் மேல்படியில் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. மேடைக்காக இரண்டு ஆண்பிள்ளைகள் அடித்துக்கொள்வதைக் கேட்டு எனக்கு நான்கு வருஷம் ஆகியிருந்தது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

நீங்கள் மணிலாவிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்றார்கள். அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். என் பெயர் ஹெர்மினா துகினாய். வயது அறுபத்தேழு. மனாங் மினா என்று கேட்டால்தான் பாகியோவில் வழி காட்டுவார்கள். மூத்தவளை மனாங் என்பதும் மூத்தவனை மனோங் என்பதும் எங்கள் மலை வழக்கம். நாற்பத்தோரு வருஷம் பாசில் பக்கால்சோவுக்கு ரெண்டாங்குரல் பாடினேன். அவன் பாட்டின் மெட்டைப் பாடுவான். நான் அதற்கு இரண்டு படி கீழே இறங்கி, அவன் திரும்பும் இடத்தில் திரும்பி, நிற்கும் இடத்தில் நிற்பேன். நன்றாகப் பாடினால் ரெண்டாங்குரல் இருப்பதே கேட்கிறவருக்குத் தெரியாது. இல்லாதபோது மட்டும் ஏதோ குறைகிறது என்பார்கள். அது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

லாடம் ஒரு பாட்டுக்கடை. பழைய துணிக்கடைக்கு மேலே மாடி. வாசலில் ஒரு குதிரை லாடம் அடித்திருக்கும், உள்ளே நாற்பது மேசை, ஒரு மேடை. தொப்பியும் பூட்சும் போட்டுக்கொண்டு மாட்டுக்காரர் பாட்டுப் பாடுவோம். எங்களில் மாடு வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. ரோடெல் டாக்சி. டொனாட்டோ கோஸ். வயலின் வாசிக்கும் கில்டா கீழே துணிக்கடையில் மூட்டை பிரிப்பவள். பாசில் பகலில் பள்ளிக்கூட வாசலில் மீன் உருண்டை பொரித்து விற்றான். ஆனால் மேடை ஏறிவிட்டால் அவரவர் மாட்டுக்காரர்தான்.

பிறகு நோய்த்தொற்று வந்து இரண்டு வருஷம் கதவைச் சாத்தினார்கள். திறந்தபோது ஆள் வரவில்லை. பக்கத்துத் தெருவில் பெட்டியைத் தட்டினால் பாட்டு வரும் கடைகள் வந்துவிட்டன. அவரவரே மைக்கைப் பிடித்துக் கத்திக்கொள்ளலாம், எங்களைப் போன்றவர்கள் எதற்கு? போன ஜனவரியில் ஒரு மத்தியானம் ஏழு பேருக்குப் பாடினோம். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். முன்மேசையில் இருந்த பெண் கையைத் தூக்கினாள். பாட்டு கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அங்கிள், கொஞ்சம் சத்தத்தக் குறைங்களேன். பேசிட்டிருக்கோம்."

பாசில் கோபப்பட்டிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அவன் மைக்கில், "மன்னிக்கணும்மா" என்றான். குனிந்து தன் குரலின் திருகைத் தானே குறைத்துக்கொண்டான். என் குரலையும் குறைத்தான். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினான்.

அன்றைக்குக் கடைக்காரர் மனோங் டெல்ஃபின் எங்களைக் கூப்பிட்டு, டிசம்பரோடு சாவியைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். மொபைல் கடைக்காரன் ஒருவன் இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்கமேல கோபமில்ல, மினா. உங்க பாட்டுலதான் நான் கல்யாணமே பண்ணினேன். ஆனா பொண்டாட்டியே இப்ப பாட்டு கேக்க வர்றதில்ல."

பிப்ரவரியில் ஒத்திகையின்போது பாசில் மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்தான். ஓட்டைகளில் ரத்தம் இருந்தது. அவன் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு, "எந்த இடத்துல விட்டோம்?" என்றான்.

டி.பி. இரண்டு நுரையீரலிலும்.

மேடம், எங்கள் வாத்தியக்காரர்களுக்கு வைப்பு நிதி கிடையாது, காப்பீடு கிடையாது. ஒருத்தன் விழுந்தால் மற்றவர்கள் அவனுக்காகக் கச்சேரி போடுவோம். மாதம் ஒரு தடவை, கடைசி ஞாயிறு, கோயில் விட்டதும் ஆரம்பித்துப் பனி இறங்குவதற்குள் முடிப்போம். கூலி கிடையாது. கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொன்னவன் அதன்பிறகு ஊரில் வாசிக்க முடியாது. விழுந்தவனுடைய தொப்பியை நடு மைக்கில் மாட்டிவைப்போம். எவ்வளவு காலம் என்றால், அவன் எழுந்து வந்து தன் தொப்பியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டு பாடும்வரை. பாடிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் அவன் பெயரில் கச்சேரி போட்டால் பிச்சை எடுப்பது மாதிரி.

மார்ச் மாதம் முதல் கச்சேரி. சுவரொட்டியில் 'பாசிலுக்காக' என்று மட்டும் எழுதச் சொன்னேன். பதினொரு குழுக்கள் வந்தன. நாற்காலி போதாமல் கீழே துணிக்கடையிலிருந்து மூட்டைகளைத் தூக்கி வந்து உட்கார்ந்தார்கள். பேசிட்டிருக்கோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அழுதுகொண்டே கேட்டார்கள். பட்டியலும் அறிவிப்பும் என் பொறுப்பு. வாழ்நாளில் முதல் தடவையாக நடு மைக்கில் நின்றேன். பாசிலின் தொப்பிக்குப் பக்கத்தில்.

அந்தத் தொப்பியில் விழுந்த காசை கில்டாதான் எடுத்து அவனிடம் சேர்த்தாள். நான் அதைத் தொட்டதுகூட இல்லை. நீங்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறீர்கள்.

டி.பி. மாத்திரையை நோயாளி கையில் கொடுத்து அனுப்பமாட்டார்கள். தினமும் ஒருவர் முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கியதைப் பார்த்து அவர் கார்டில் ஒரு கட்டத்தில் குறி போடவேண்டும். பாசிலின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஐலின் தைவானில் தொழிற்சாலை வேலை. சுகாதார நிலையத்து நர்ஸ் க்ளாரிட்டா கேட்டாள்.

"யாரு பாத்துப்பாங்க? நம்பகமான ஆள் வேணும். ஆறு மாசம். ஒரு நாள் விடக்கூடாது."

"வேற யாரு? மனாங்தான்," என்றான் பாசில். "நாப்பத்தோரு வருஷமா நான் மூச்சு விடுற இடம்கூட அவங்களுக்குத் தெரியும்."

நர்ஸ் எனக்கு எல்லாம் சொல்லித்தந்தாள். செங்கல் நிறத்தில் பெரிய மாத்திரை. வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். ஒன்றுக்குப் போனால் சிவப்பாகப் போகும், பயப்படக்கூடாது, அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். இடையில் நிறுத்தினால் கிருமி முரடாகித் திரும்பி வரும். நான் தலையாட்டினேன். இதெல்லாம் எனக்குச் சொல்லப்படவில்லை என்று சொல்லமாட்டேன்.

மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் ஒழுங்காகக் கொடுத்தேன். காலை ஆறு மணிக்குத் தட்டில் மாத்திரையும் வெந்நீரும். அவன் விழுங்குவான், வாயைத் திறந்து காட்டுவான், நாக்கை நீட்டிக் கேலி செய்வான். கன்னம் பூரித்தது. இருமல் நின்றது. இதை நீங்கள் கார்டில் பார்க்கலாம், எடைகூட எழுதியிருக்கும். என் கையால்தான் தேறினான். அதை யாரும் சொல்வதில்லை.

மே மாதக் கச்சேரிக்கு நர்ஸும் வந்திருந்தாள். ரோடெலும் டொனாட்டோவும் படியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவர்களைத் தாண்டி மேலே வந்து என் காதில் சொன்னாள்.

"சளியில கிருமி இல்ல மனாங். ஆகஸ்டோட மருந்து முடியுது. அப்புறம் உங்க ஆள் பாடலாம்."

நான் மைக்கில் அறிவித்தேன். அப்படி ஒரு கைதட்டல் அந்தக் கூரை கேட்டதில்லை. பின்னால் வந்தபோது மனோங் டெல்ஃபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நல்ல சேதி மினா. அப்ப செப்டம்பர்லேர்ந்து கச்சேரி இல்லைதானே?"

"அவன் பாடிட்டா முடிஞ்சுது, மனோங்."

"சரி. மொபைல்காரன்கிட்ட செப்டம்பர்னே சொல்லிர்றேன். நடுவுல ஜனம் வர ஆரம்பிச்சதும் கொஞ்சம் சபலப்பட்டேன். ஆனா ஜனம் பாசிலுக்காக வருது, பாட்டுக்காக இல்ல. பாசிலே பாடினப்போ ஏழு பேரு."

நல்ல மனிதர். பொய் சொல்லமாட்டார்.

மறுநாள் திங்கள்கிழமை மத்தியானம் பாசில் வீட்டுக்குப் போனேன். கில்டா இருந்தாள். சாப்பாட்டு வேளையில் தினமும் அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்து, கட்டிலோரம் உட்கார்ந்து மெதுவாக வயலின் வாசித்துவிட்டுப் போவாள். அன்றைக்கு வாசிக்கவில்லை. இரண்டு பேரும் முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவன் மெட்டைப் பாட அவள் கீழே.

"கேட்டீங்களா மனாங்? கில்டாவுக்குள்ள ஒரு குரல் ஒளிஞ்சிருக்கு."

"சும்மா இருங்க மனோங், மனாங் முன்னாடி. எனக்குக் கூசுது."

"அவங்க தப்பா நினைக்கமாட்டாங்க. மனாங், நான் ஏறுறன்னிக்கு கில்டா ரெண்டாங்குரல் போடட்டுமே. உங்களுக்குத்தான் இப்ப லிஸ்டு, அறிவிப்பு, ஆயிரம் வேலை. முழங்காலும் வலிக்குதுங்கிறீங்க."

"தாராளமா," என்றேன்.

கில்டா உங்களிடம் இதைச் சொல்லியிருப்பாள் என்பதால்தான் நானும் சொல்கிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு உண்மையிலேயே முழங்கால் வலி.

செவ்வாய்க்கிழமை காலையில் மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன்.

மறந்தேன் என்பதுதான் சரியான வார்த்தை. ஆறு மணிக்கு எழுந்தேன், வெந்நீர் போட்டேன், அந்த வெந்நீரில் எனக்குக் காப்பி கலந்து குடித்தேன். பத்து மணிக்கு அவன் வந்து கதவைத் தட்டினான்.

"என்ன மனாங், இன்னைக்கு எனக்கு லீவா?"

"இன்னைக்கு இல்ல தம்பி. வாரத்துல ஒரு நாள் ஈரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

அவன் சந்தோஷமாகப் போனான். கார்டில் கட்டம் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் நர்ஸ் வருத்தப்படுவாள் என்று குறி போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அவன் இருமவில்லை. ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அடுத்த வாரம் இரண்டு நாள்.

ஜூன் நடுவில் மருந்துக்கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கினேன். அதே செங்கல் நிறம், கொஞ்சம் சின்னது. உடம்புக்கு நல்லது. கெடுதலான பொருள் எதையும் நான் அவனுக்குக் கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரியில் என்ன பரிசோதனை வேண்டுமானாலும் செய்து பார்க்கட்டும்.

அரசாங்கத்து மாத்திரைகளை நான் எறியவும் இல்லை. ஏழை நாட்டில் மருந்தை எறிவது பாவம். ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தேன். நீங்கள் வந்தபோது நானாகத்தான் எடுத்துக்கொடுத்தேன்.

அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"மனாங், ஒண்ணுக்கு இப்ப மஞ்சளாப் போகுது. முன்ன சிவப்பாப் போச்சே."

"உடம்பு தேறினா அப்படித்தான். மருந்து வெளிய போகாம உள்ளயே தங்குது."

"அப்ப நல்லதுதானா?"

"நல்லதுதான்."

ஜூலைக் கச்சேரிக்குப் பதினாறு குழுக்கள். பாசிலைப் படியேற விடாமல் நாற்காலியில் தூக்கி வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவன் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஜனங்கள் மேடையைப் பார்த்ததைவிட அவனைப் பார்த்தார்கள். வாரநாட்களிலும் மேசைகள் நிரம்ப ஆரம்பித்திருந்தன. மனோங் டெல்ஃபின் பழைய ஸ்பீக்கரை மாற்றினார். ஸ்பீக்கர் மாற்றுகிறவர் சாவியைக் கொடுக்கமாட்டார்.

ஆகஸ்டில் அவன் இரவெல்லாம் வியர்த்தான். இருமல் திரும்பியது. நர்ஸ் சளி எடுத்துப் பார்த்துவிட்டு, கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது.

"ஒரு நாள்கூட விடலியே. எப்படி?"

"எனக்கும் புரியல," என்றேன்.

"ஒண்ணுக்கு சிவப்பாதானே போகுது?"

"சிவப்பாதான்."

நான்தான் பதில் சொன்னேன். பாசில் அப்போது இருமிக்கொண்டிருந்தான். சளியை மணிலாவுக்கு அனுப்பவேண்டும் என்றாள், முரட்டுக் கிருமியா என்று பார்க்க. அதுவரை புது மாத்திரை அட்டை கொடுத்து, பழையபடி தொடரச் சொன்னாள். நான் பழையபடி தொடர்ந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பாசில் கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். எலும்பு மட்டும் இருந்த கை.

"நான் என்ன தப்பு பண்ணினேன் மனாங்? ஜின்னை விட்டேன். சிகரெட்டை விட்டேன். நீங்க கொடுத்ததை ஒரு நாள் துப்பினதில்ல. கடவுளுக்கு என்மேல என்ன?"

"தைரியமா இரு தம்பி."

"மாசாமாசம் எனக்காக எல்லாரும் வேலையை விட்டுட்டு வர்றாங்க. ரோடெலுக்கு அன்னிக்கு டாக்சி ஓட்டம் போச்சு. வெக்கமா இருக்கு. போதும்னு சொல்லிருங்க. தொப்பியை இறக்கிருங்க."

"அது உனக்காக மட்டுமில்ல, பாசில்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவன் தலையை ஆட்டினான். தன்னைத் தேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

தைவானிலிருந்து ஐலின் போனில் முகம் காட்டிப் பேசுவாள். "ஆன்ட்டி, நீங்க இல்லேன்னா அப்பா என்னைக்கோ போயிருப்பாரு" என்று அழுவாள். நான் போனை அவன் பக்கம் திருப்பிவிடுவேன். எனக்கு அந்த மாதிரிப் புகழ்ச்சி பிடிக்காது.

கில்டாவைப் பற்றி நேற்றும் கேட்டீர்கள். ஆமாம், அவள் தினமும் வந்துகொண்டிருந்தாள். ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர். கட்டிலோரம்தான் உட்காருவாள். மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து தொற்றாது என்று சுகாதார நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். கார்டில் கட்டங்கள் நிறைந்திருந்தன. அதனால் அவளுக்குப் பயமில்லை. அவன் பாட முடியாமல் இருமும்போது அவன் முகத்தருகே குனிந்து மெட்டை எடுத்துக்கொடுப்பாள். நான் எப்போதும் ஜன்னலோரம்தான். எனக்குக் காற்று வேண்டும். ஏன் அவளை எச்சரிக்கவில்லை என்றால், அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தள்ளி உட்காரம்மா என்று சொல்லியிருப்பேன்.

அக்டோபரில் இருபத்தைந்து குழுக்கள். மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஆறு மணிநேரம் பேருந்தில் வந்தவர்கள் இருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் லாடத்தில் பாடிய கிழவர்கள் தடியோடு வந்தார்கள். டொனாட்டோ தன் முறையை ரோடெலுக்கு விட்டுக்கொடுத்தான், ரோடெல் அதை வாங்கமாட்டேன் என்றான், அதற்கும் சண்டை. மேடையில் நின்று பார்த்தால் பின்சுவர்வரை முகங்கள். ஒருவரும் பேசவில்லை. நான் ஒரு பாட்டு தனியாகப் பாடினேன். பட்டியலில் ஒரு இடம் காலியாக இருந்தது, அதை நிரப்ப ஆள் வேண்டும் என்பதற்காக. பாசிலுடைய பாட்டு. மெட்டையே பாடினேன். முடித்தபோது எழுந்து நின்று தட்டினார்கள்.

அவன் சாகவேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, மேடம். நீங்கள் கொலை என்று எழுதியிருப்பதில் எனக்கு அந்த ஒரு விஷயம்தான் ஒத்துக்கொள்ளமுடியவில்லை. செத்தவனுக்கு ஒரே கச்சேரிதான்.

நவம்பரில் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் லாடத்தில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நர்ஸ் க்ளாரிட்டா அவனைப் பார்க்கப் போயிருக்கிறாள். அதே கேள்வியை அவனிடமே கேட்டிருக்கிறாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவனே பதில் சொன்னான்.

"ஜூன்லேர்ந்து மஞ்சள்தான். மருந்து உள்ளயே தங்குதுன்னு மனாங் சொன்னாங்க."

அவள் என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. "எதைக் கொடுத்தீங்க?" என்றாள். "இரும்புச்சத்து" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுவரை யாரும் என்னைத் தடுக்கவில்லை. அவனுக்கு மூக்கில் குழாய் இருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த முக்காலியைக் கண்ணால் காட்டினான். அவன் எப்போதுமே மரியாதை தெரிந்தவன்.

"நர்ஸ் சொல்றது நிசமா, மனாங்?"

"நிசம்தான்."

"ஏன்?"

"லாடத்த மூடிருவாங்க, தம்பி. உனக்குத் தெரியாதா? மறுபடியும் ஏழு பேருக்குப் பாடச் சொல்றியா? மறுபடியும் திருகைக் குறைச்சுக்கச் சொல்றியா?"

கோபப்படுவான் என்று காத்திருந்தேன்.

"நான் பாடியிருப்பேனே, மனாங்," என்றான். "எழுந்து வந்து நல்லாப் பாடியிருப்பேனே. அதைக் கேக்க வந்திருப்பாங்கல்ல?"

வந்திருக்கமாட்டார்கள். படுத்திருக்கிற பாசிலுக்காகத்தான் வந்தார்கள். பாடுகிற பாசில் அவர்களுக்கு நாற்பது வருஷமாக இருந்தான். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கு அவன்மேல் பாசம் உண்டு. அவன் பதிலுக்காக என் முகத்தையே பார்த்தான். நான் போர்வையை இழுத்துவிட்டேன். பிறகு கில்டா வந்தாள், நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்பது நாளில் போனான்.

சாவுக் கச்சேரி மூன்று நாள் நடந்ததாம். என்னை அதற்குள் இங்கே கொண்டுவந்துவிட்டீர்கள். பட்டியலை யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை. கில்டா பாடினாள் என்று கேள்வி. அவளுக்கு ரெண்டாங்குரல் போட யாரும் இல்லாமல், குறையாகத்தான் இருந்திருக்கும்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். ஜூன் முதல் நவம்பர்வரை, பாசில் பக்கால்சோவின் மாத்திரைகளை மாற்றியது நான். கார்டில் பொய்க்குறி போட்டது நான். தெரிந்துதான் செய்தேன். அவனுக்காகவும், ரோடெலுக்காகவும், டொனாட்டோவுக்காகவும், இந்த ஊரில் கையில் ஒரு கிட்டார் வைத்திருக்கும் அத்தனை பேருக்காகவும் செய்தேன். எனக்காக எதுவும் செய்துகொள்ளவில்லை. அந்த வரியை விடாமல் எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று. காலையில் காவலுக்கு இருந்த பையன் சொன்னான். அவன் அண்ணன் டொனாட்டோ குழுவில் டிரம் வாசிக்கிறான். கில்டாவுக்கு ஒரு மாதமாக இருமலாம். எக்ஸ்ரே வந்துவிட்டதாம், இரண்டு பக்கமும் இருக்கிறதாம். அதுவும் முரட்டுக் கிருமி, ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிடவேண்டுமாம். ஜனவரிக் கடைசி ஞாயிறு லாடத்தில் முதல் கச்சேரி. சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். யார் முதலில் ஏறுவது என்று இப்போதே சண்டையாம். மனோங் டெல்ஃபின் சாவியைக் கொடுக்கவில்லை.

அவள் புருஷன் சுரங்கத்தில் இருக்கிறான், மாதம் ஒரு தடவைதான் வருவான். பிள்ளைகள் கிடையாது. எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறாள். எனக்கு ஜாமீன் கிடைக்கலாம் என்று நீங்கள் கொடுத்த வக்கீல் சொல்கிறார், வயதைப் பார்த்து. அதனால்தான் கேட்கிறேன்.

"கில்டாவுக்குத் தினமும் மாத்திரை கொடுக்க நம்பகமான ஆள் வேணுமே, மேடம். நான் ரெண்டு வீடு தள்ளித்தான் இருக்கேன்."